இரண்டு நிமிடம் முன்னே பிறந்த வட்டுகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜாதகக் கடையில் உட்கார்ந்துதான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் எனக்குக் கிடைத்த வசதியைக் கேட்டால் அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். 1990ஆம் வருடம் அங்கிருந்த பெரிய கணினியில் எனக்கு ஒதுக்கிய நேரம் வாரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். துறையில் சின்னக் கணினிகள் நான்கு இருந்தன. மாலை ஐந்து மணி அடித்ததும் காவலர் வந்து மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போய்விடுவார். எனக்கு வேண்டியதோ ஒரு கணக்குக்கு மூன்று முழு நாள்.

ஜெயராஜ் கிள்ளானில் என்னோடு படித்தவன். காப்புறுதிப் பாலிசி விற்றான், தண்ணீர் வடிகட்டி விற்றான், இரண்டும் படுத்துக்கொண்டதும் கணினி ஜாதகத்துக்கு வந்தான். கிரகங்களைக் கணக்கிடத் தனிச் சில்லு வேண்டும் என்று கணினி விற்றவன் சொன்னதை அப்படியே நம்பி, பெருக்கல் வகுத்தலுக்கென்றே தனிச் சில்லு பொருத்திய கணினி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். அப்படி ஒரு சில்லு எங்கள் துறையில் ஒன்றுகூடக் கிடையாது. சனியையும் ராகுவையும் துரத்துவதற்கு அது, களிமண்ணை ஆராய எனக்கு வாரம் பன்னிரண்டு நிமிடம். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

நான் அந்தக் கணினிக்குள் நுழைந்தது அரை மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டுதான். 1982 சனவரி முதல் தேதி நம் அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை எல்லாம் அரை மணி முன்னால் தள்ளி வைத்தது நினைவிருக்கும். அதற்கு முன்னால் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும்போது அந்த அரை மணியைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெயராஜின் நிரல் எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். இரண்டு வருடமாக நீ கொடுத்ததெல்லாம் தப்பு என்று சொன்னேன். அவன் கொஞ்சமும் கலங்காமல், யாரும் திருப்பிக் கொண்டுவந்து கேட்கவில்லையே என்றான். ஆனாலும் சரிசெய்து கொடு என்றான், சரிசெய்தேன். பதிலுக்கு வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் கணினி என்னுடையது என்று பேச்சு. ஒரு பொத்தானை அழுத்தினால் என் கணக்கு அப்படியே உறைந்து நிற்கும்படி எழுதிக்கொண்டேன். யாராவது வந்து ஜாதகம் வாங்கிக்கொண்டு போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் பிஸ்கட் என்று சொல்லிவிடுவேன். களிமண்ணின் துகள்கள் உருண்டையானவை அல்ல. கிட்டத்தட்ட பிஸ்கட் மாதிரி தட்டை. தண்ணீரில் கொஞ்சமாக மிதக்கும்போது ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். நெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் அளவு தாண்டியதும் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். யாரும் உத்தரவு போடுவதில்லை. ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை. அப்படித் திரும்பி நின்றால்தான் அசைய இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இதற்கு நிலைமாற்றம் என்று பெயர். மெல்லிய வட்டுகள் இப்படிச் செய்யும் என்று வெளிநாட்டில் கணினியை வைத்துக் காட்டியிருந்தார்கள். கொஞ்சம் தடித்த வட்டுகளும் செய்யுமா என்பது என் கேள்வி.

கணினிக்குள் ஒரு பெட்டி, அதில் இருநூற்றுச் சொச்சம் வட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து லேசாக நகர்த்தி, லேசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பதோடு இடித்தால் பழையபடியே வைத்துவிட வேண்டும், இடிக்காவிட்டால் விட்டுவிடலாம். இதைக் கோடிக்கணக்கான தடவை செய்தால் கடைசியில் ஓர் எண் கிடைக்கும். வட்டுகள் கண்டபடி நின்றால் பூஜ்யம், எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் ஒன்று. இதில் கணினிக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியாது என்பதுதான் சிக்கல். அதற்கு நாம் ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அந்த விதையிலிருந்து அது தாறுமாறான எண்களாக முளைக்க வைத்துக்கொள்ளும். அதே விதையைக் கொடுத்தால் அதே பயிர், ஓர் இலை மாறாது.

என் மேற்பார்வையாளர் டாக்டர் சண்முகரத்தினம். அப்பா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஓர் எழுத்துப் பிழைக்காக முழு அத்தியாயத்தையும் திருப்பி அனுப்புகிறவர். பன்னிரண்டு தனித்தனி விதைகளிலிருந்து பன்னிரண்டு ஓட்டம் ஓட்டு, பன்னிரண்டும் ஒரே முடிவைத் தந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று விதைகளைக் கொண்டுபோய் நீட்டினேன். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத எண்களாகக் கொண்டு வா என்று முகத்துக்கு நேராகச் சோம்பேறிப் பட்டம் கொடுத்து அனுப்பினார்.

டிசம்பர் முப்பத்தொன்று கடைசி நாள். நான் பள்ளி ஆசிரியர். மூன்று வருடப் படிப்பு விடுப்பில் வந்தவன். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை நிச்சயம். கொடுக்காவிட்டால் சனவரியில் சபாக் பெர்ணம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கு. மூன்று வருடத்தைக் களிமண்ணில் போட்டுவிட்டு மறுபடி அரையும் காலும் கூட்டச் சொல்லிக்கொடுப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

சம்பந்தம் இல்லாத எண்களுக்கு ஜெயராஜின் மேசையிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வழி இருந்தது. அவன் வாடிக்கையாளர்களின் பிறந்த தேதியும் நேரமும். சேர்த்து எழுதினால் ஒவ்வொன்றும் ஒரு நீள எண். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிறந்திருக்கட்டும், கடைசியில் எல்லாரும் ஒரே பக்கம்தான் திரும்புவார்கள் என்று காட்டப் போகிறேன், அதுவும் ஜாதகக் கடையில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு அதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. நவம்பர் முடிவதற்குள் பதினொரு ஓட்டம் முடிந்தது. பதினொன்றும் 0.9ஐ ஒட்டியே வந்தன.

அந்தச் சமயத்தில்தான் வள்ளியம்மாவும் அவர் மகள் புஷ்பவல்லியும் பண்டமாரானிலிருந்து வந்தார்கள். புஷ்பவல்லியை எனக்கு முன்பே தெரியும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜண்டு அலுவலகத்தில் தட்டச்சர். சனி ஞாயிறுகளில் வீட்டில் ஆய்வேடுகள் அடித்துக் கொடுப்பாள். எங்கள் துறையில் பாதிப் பேருடையது அவள் விரல் வழியாக வந்ததுதான். என்னுடைய முதல் மூன்று அத்தியாயமும் அவள் அடித்ததே. கொடுத்ததைத்தான் அடிப்பாள். தப்பாகத் தெரிந்தால் பென்சிலால் வட்டம் போட்டுக் கேட்பாளே தவிர, தானாக ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டாள்.

அவர்கள் வந்த காரணம் ஒரு புதுப் பிரதி. சுபாங் ஜெயாவில் மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடிகிற நிலையில் இருந்தது. முன்பு இதே கடையில் எடுத்த ஜாதகத்தில் தோஷம் எதுவும் இல்லை, பொருத்தமும் நன்றாக இருந்தது. அந்தத் தாளில் யாரோ காப்பியைக் கொட்டிவிட்டதால் மாப்பிள்ளையின் அம்மா சுத்தமாக இன்னொன்று கேட்டிருந்தார். ஜெயராஜ் தேநீர் குடிக்கப் போயிருந்தான். நான்தான் என் வட்டுகளை நிறுத்திவிட்டு அடித்தேன். 14-8-1965, அதிகாலை 4.44.

பழைய தாளில் மிதுன லக்கினம். நான் அரை மணியைச் சரிசெய்திருந்தேன் அல்லவா, புதுத் தாளில் லக்கினம் கடகத்துக்கு நகர்ந்துவிட்டது. ஐந்தாம் வீட்டில் சும்மா இருந்த செவ்வாய் நாலாம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பெரிய எழுத்தில் ‘செவ்வாய் தோஷம் உண்டு’ என்று அச்சாகி வெளியே வந்தது. வள்ளியம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்த ஜெயராஜ் தாளைப் பார்த்தான், ஏதோ கூட்டிக் கழித்தான், உடனே மருந்து சொன்னான். கடகம் அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நேரத்தை இரண்டு நிமிடம் குறைத்து 4.42 என்று போட்டால் பழையபடி மிதுனம், தோஷம் போச்சு. இது அந்தக் கடையில் தினம் நடப்பதுதான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. முடியாது என்றேன்.

“தம்பி, மண்டபம்கூடப் பேசியாச்சு. ரெண்டு நிமிசந்தானே, போட்டுக் குடுங்க” என்றார் வள்ளியம்மா.

“ஆன்டி, அது ஆஸ்பத்திரியில கடிகாரத்தப் பாத்து எழுதுன நம்பரு. அளந்து எழுதுன நம்பர நமக்குப் பிடிக்கலன்னு மாத்த ஆரம்பிச்சா, அப்புறம் எதத்தான் நம்புறது?”

“கவர்மெண்டே நாடு பூரா அரை மணி தள்ளிச்சு. நான் ரெண்டு நிமிசம் தள்ளுனா வானம் இடிஞ்சா விழுந்துரும்? சும்மா இரு லா பாலன்” என்றான் ஜெயராஜ்.

நான் சும்மா இருக்கவில்லை. ஜாதகமே பொய், அந்தப் பொய்க்குள் இன்னொரு பொய்யா என்று ஆரம்பித்து, எண் என்றால் என்ன, அளவு என்றால் என்ன, அறிவியல் என்றால் என்ன என்று கால் மணி நேரம் பொழிந்தேன். வகுப்பறைக் குரல். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வள்ளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புஷ்பவல்லி மேசைமேல் இருந்த தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“விடுங்கம்மா. சார் சொல்றது சரிதான். நான் பொறந்தது நாலு நாப்பத்து நாலு” என்றாள்.

சுபாங் ஜெயாக்காரர்கள் அடுத்த வாரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பையனும் அவளும் ஐந்து மாதமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை ஜெயராஜ் பிறகுதான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரி செய்துவிட்டோம் என்ற திமிர், அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் நின்றதைக்கூட எவ்வளவு சுலபமாகத் தாங்கிக்கொள்கிறது பாருங்கள்.

ஒரு ஓட்டம் மிச்சம் இருந்தது. உண்மையின் பக்கம் நின்றவளின் நேரம், அதைவிட நல்ல விதை எங்கே கிடைக்கும் என்று புஷ்பவல்லியின் நேரத்தையே பன்னிரண்டாவதாக எடுத்துக்கொண்டேன். 1408650444. நான்காம் அத்தியாயத்தை வாங்கிக்கொள்ள வந்தபோது அவளிடமே சொன்னேன், மரியாதை செய்கிறேன் என்ற நினைப்பில்.

“என் ஜாதகத்துல கல்யாணந்தான் இல்ல, டாக்டர் பட்டமாச்சும் இருக்கட்டும் சார்” என்று சிரித்தாள்.

அந்த ஓட்டம் முடியவில்லை. மூன்று நாளில் 0.9ஐத் தொட வேண்டியது, ஒன்பது நாளாகியும் 0.08இலேயே நின்றது. திரையில் பெட்டியைப் படமாகப் போட்டுப் பார்த்தேன். வட்டுகள் கண்டபடியும் நிற்கவில்லை. நாலைந்து சேர்ந்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன அடுக்குகளாகியிருந்தன. ஓர் அடுக்கு நின்றது, பக்கத்து அடுக்கு படுத்திருந்தது, மூன்றாவது இரண்டுக்கும் குறுக்கே கிடந்தது. பெட்டி முழுக்க இதே கதை. யாரோ உட்கார்ந்து ஒழுங்காக அடுக்கியது போல இருந்தது, ஆனால் ஒரே பக்கம் பார்க்கவில்லை. நிரலை வரி வரியாகச் சோதித்தேன். பிழை இல்லை. என் மூன்று வருடத்தில் நான் பார்த்த மிக அழகான படம் அதுதான், அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

டாக்டர் சண்முகரத்தினத்திடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வெகுநேரம் பார்த்தார். ஒன்று, இது எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கிறது. இல்லை, இது உண்மையிலேயே ஏதோ ஒன்று. எதுவென்று சொல்லாமல் ஆய்வேட்டில் வைக்க முடியாது, சொல்ல வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருடம் வேலை இருக்கிறது என்றார். அந்த ஒரு வருடத்தை யார் தருவார்கள் என்று நான் கேட்டதற்கு, அது உன் பாடு, எனக்குப் பன்னிரண்டும் வேண்டும் என்று முடித்துவிட்டார். அன்றைக்குத் தேதி டிசம்பர் பதின்மூன்று.

கடைக்குத் திரும்பி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஜெயராஜ் என்னவென்று கேட்டான். சொன்னேன். அவன் யோசிக்கக்கூட இல்லை.

“நாப்பத்து ரெண்டு போடு லா. அவளுக்கே அன்னைக்குப் போட்டுக் குடுத்திருக்கணும்.”

இது ஜாதகம் இல்லை என்று கத்தினேன். ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறவனுக்கு ஆராய்ச்சி என்றால் என்ன தெரியும் என்றும் கத்தினேன். அவன் கோபப்படவில்லை. தேநீர் குடிக்கப் போய்விட்டான். நான் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் சபாக் பெர்ணம் தலைமையாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது, சனவரி கால அட்டவணையோடு. அன்று மத்தியானம் விதை எண்ணின் கடைசி இலக்கத்தை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தேன்.

நோட்டிலிருந்து வேறொருவரின் நேரத்தை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆளையே மாற்றினால் அது மோசடி. இரண்டு நிமிடம் என்றால் கைப்பிசகு மாதிரி. பொய் சொல்லும்போதும் அளவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். 1408650442 மூன்றே நாளில் 0.91க்கு வந்து சமர்த்தாக நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தையும் அட்டவணையையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பண்டமாரான் போனேன். புஷ்பவல்லி வழக்கம்போல என் எதிரிலேயே பக்கங்களைப் புரட்டினாள், கையில் பென்சில். பன்னிரண்டு விதை, பன்னிரண்டு முடிவு. கடைசி வரியில் பென்சில் நின்றது. ஒரு சின்ன வட்டம் போட்டாள்.

“இது என் நம்பருதானே சார்?”

“ஆமா.”

“ரெண்டு நிமிசம் குறையுது.”

இது வெறும் தொடக்க எண், எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான், இதற்கும் பிறந்த நேரத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அன்றைக்கு நடந்தது வேறு, இது வேறு என்று விளக்கினேன். பேசப் பேச ஜெயராஜ் பேசுவது போலவே எனக்குக் கேட்டது. அவள் முழுக்கக் கேட்டாள்.

“நாப்பத்து நாலு என்னாச்சு சார்?”

“நடுவுல சிக்கிக்கிச்சு. ஒரே பக்கம் திரும்பல.”

“திரும்பலன்னா, திரும்பலன்னு எழுதக் கூடாதா?”

நாள் இல்லை என்றேன். என் நிலைமையைச் சொன்னேன், வேலையைச் சொன்னேன், சபாக் பெர்ணத்தைச் சொன்னேன். மண்டபம் பேசியாயிற்று என்று அவள் அம்மா என்னிடம் சொன்னதைவிட ஒரு வார்த்தை அதிகமாகவே கெஞ்சினேன் என்று நினைக்கிறேன். அவள் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை மெதுவாக அழித்தாள், தாளை ஊதினாள்.

“சரி சார். அடிச்சுத் தரேன்” என்றாள்.

அடித்துத் தந்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் நான் சரிபார்க்கவில்லை. அவள் பிழை விடமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பைண்டு செய்து முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பன்னிரண்டு ஓட்டமும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். பட்டம் வந்தது, வேலை வந்தது, பங்சாரில் வாடகைக்கு வீடு வந்தது. ஜெயராஜ் நான் தொப்பி போட்டு எடுத்த பட்டமளிப்புப் படத்தைக் கடையில் மாட்டி, கீழே ‘டாக்டர் பட்டம் வாங்கித் தந்த கணினி இதுவே’ என்று எழுதி வைத்தான். அதைக் கழற்றச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

1993இல் ஒரு நாள் நூலகத்தில் புதிதாக வந்த ஆய்விதழைப் புரட்டினேன். ஐரோப்பாவில் இரண்டு பேர் தடித்த வட்டுகளைக் கணினியில் ஓட்டியிருந்தார்கள். குறிப்பிட்ட நெருக்கத்தில் அவை ஒரே பக்கம் திரும்புவதில்லை, சின்ன அடுக்குகளாகி ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கின்றன, இதுவரை யாரும் காணாத புதிய நிலை இது என்று எழுதியிருந்தார்கள். படமும் போட்டிருந்தார்கள். என் படம். பிரிக்பீல்ட்ஸில் ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த அதே படம். தோஷம் என்று நினைத்து நான் கழித்துவிட்டதுதான் அந்தப் பன்னிரண்டில் இருந்த ஒரே கண்டுபிடிப்பு. அழுகை வந்தது, நூலகர் பார்க்கிறாரே என்று அடக்கினேன்.

யாருக்கும் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல். அந்த ஆறுதலும் ஐந்து மாதம்தான் நீடித்தது. முன்பின் தெரியாத இன்னொரு நாட்டு ஆய்வாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்தக் குறுக்கு நிலை உண்மையான நிலைதானா, இல்லை வெறுமனே சிக்கிக்கொண்டு நிற்பதா என்று அவருக்குச் சந்தேகம். பழைய வேலைகளை எல்லாம் தேடி எடுத்திருக்கிறார். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்த நிரலை அதே வகைக் கணினியில், அதே பன்னிரண்டு விதைகளை வைத்து ஓட்டியிருக்கிறார். பதினொன்று நான் சொன்னபடியே வந்தன. பன்னிரண்டாவது மட்டும் 0.91க்கு வரவில்லை, குறுக்கும் நெடுக்குமாக நிற்கிறது, நீங்கள் கொடுத்திருக்கும் எண் 1408650444, ஒருவேளை தட்டச்சுப் பிழையாக இருக்குமோ என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார்.

நான் கொடுத்தது நாற்பத்திரண்டு ஆயிற்றே என்று அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, மூன்று வருடம் பார்க்காத அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நாற்பத்து நாலு. ஒரு காற்புள்ளியைக்கூடத் தானாக மாற்றாதவள், ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தாள். என் பொய் முடிவுக்குப் பக்கத்தில் தன் நேரத்தை உள்ளபடி அடித்து வைத்திருந்தாள்.

முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. யாரைக் கேட்டு மாற்றினாள் என்று அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். நடக்க நடக்கத்தான் அவள் செய்து வைத்திருப்பது உறைத்தது. எண் சரி, முடிவுதான் தப்பு என்று இப்போது ஒரு வரி எழுதினால் போதும். அந்த நிலையை ஐரோப்பாக்காரர்களுக்கு முன்னால், 1990இலேயே பார்த்தவன் நான் என்றாகிவிடும். பார்த்ததை மறைத்தவனும் நான் என்றாகிவிடும். பட்டம் நிற்குமோ நிற்காதோ. இணைப்பேராசிரியர் பதவிக்கு என் பெயர் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது.

பண்டமாரான் வீட்டுக்குத் தொலைபேசி போட்டேன், என்ன பேசுவது என்று தெரியாமலே. வள்ளியம்மாதான் எடுத்தார். என் குரலைக் கேட்டு நிஜமாகவே சந்தோஷப்பட்டார். புஷ்பவல்லிக்குப் போன வருடம் கல்யாணம் ஆகிவிட்டதாம், கிள்ளானில் இருக்கிறாளாம், மாப்பிள்ளை துறைமுகத்திலேயே வேலையாம். “ஜாதகமே பாக்கல தம்பி. பாக்கவே கூடாதுன்னுட்டா” என்றார். நம்பர் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். பல்கலைக்கழகத்தின் முகவரி அச்சடித்த தாளில், என் கையாலேயே. தங்கள் கடிதத்துக்கும் என் வேலையில் தாங்கள் காட்டிய அக்கறைக்கும் மிக்க நன்றி. தாங்கள் ஊகித்தது சரி. அது தட்டச்சு செய்த பெண்ணின் கவனக்குறைவு. சரியான எண் 1408650442.